தொட்டியில் எட்டுக் கெண்டைகள்

மாமாவை ஊரில் மீன் டாக்டர் என்பார்கள். கேலிதான். அம்மாவின் தம்பியான அவருக்குக் குடிநீர் நிலையத்தில் பம்பு ஓட்டும் வேலை, இருபத்தோரு வருடமாக அதே அறை. ஆற்றிலிருந்து தண்ணீர் உறிஞ்சும் குழாயில் சின்னதாக ஒரு கிளை பிரிந்து, மேசையோரக் கண்ணாடித் தொட்டி வழியாக ஓடிக்கொண்டே இருக்கும். அதில் ஆற்றிலேயே பிடித்த, விரல் நீளக் கெண்டைகள் எட்டு. மூன்று மீன் மேலே வந்து வாயைப் பிளந்தால் தண்ணீர் கெட்டுவிட்டது, வால்வை மூட வேண்டும் என்பது விதி. சாப்பாட்டு டப்பாவைக்கூடத் தொட்டியைப் பார்த்தபடிதான் திறப்பார். என்னை ஒரு நாளாவது இப்படிப் பார்த்ததுண்டா என்று அத்தை கேட்பதுண்டு.

வருடத்துக்கு ஒருமுறை மூடினால் அதிகம். போன மழைக்காலத்தில் ஐந்து முறை மூடினார். செத்த மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தார். சிவப்பாக இருக்க வேண்டிய இடத்தில் மண் அப்பியிருந்தது. மழை விட்ட ஒரு காலையில் கரையோடு மேலே நடந்தார். இரண்டு கிலோமீட்டர் தாண்டி ஆறு வளைகிறது. வளைவுக்கு மேலே ஆற்றின் அடியில் கிடந்த கூழாங்கல் தெரிந்தது. கீழே தண்ணீர் டீ நிறம். இடையில் இருந்தது எங்கள் சோளக்காடு.

கரையில் நாணலும் மரங்களும் நின்ற பட்டையை அதற்கு முந்தின கோடையில்தான் அப்பா அழித்து, தண்ணீர் விளிம்பு வரை உழுதிருந்தார். பத்து வரிசை கூடுதலாகக் கிடைத்தது.

மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். மண்ணைப் பிடித்து வைத்திருந்தது நாணல்தான், இப்போது மண்ணும் உரமும் பூச்சிமருந்தும் நேராக ஆற்றில் இறங்குகின்றன, அந்தப் பத்து வரிசையை விட்டுவிடுங்கள் மச்சான் என்றார். மழை பெய்தால் ஆறு கலங்காமல் என்ன செய்யும் என்று அப்பா சிரித்தார். அம்மா யார் பக்கமும் பேசாமல் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வால்வை மூடினால் ஊரில் குழாயில் தண்ணீர் வராது. பொறியாளருக்குப் போன் மேல் போன். "உங்க மீனுக்கு மூச்சு வாங்குனா ஊரே குடத்தோட நிக்கணுமா?" என்று அவர் மாமாவைக் கேட்டாராம்.

அடுத்த வாரம் அப்பா ஒரு வாளியோடு பம்பு அறைக்குப் போனார். நானும் கூடப் போயிருந்தேன். வாளியில் நான்கு விரால்கள். சேற்றிலும் கிடக்கும், மேலே வந்து காற்றைக் குடித்துக்கொள்ளும் மீன்.

"மாப்ளே, இது லேசுல சாகாது. உனக்கும் தொல்லை இல்ல, எனக்கும் தொல்லை இல்ல."

அக்கா வீட்டுக்காரர் வாளியும் கையுமாக வாசலில் நிற்கிறார். மாமா வாங்கித் தொட்டியில் விட்டார். மூன்றாம் நாள் கெண்டை ஒன்றுகூட இல்லை. விரால்கள் வயிறு உப்பி அடியில் கிடந்தன.

பத்து நாள் கழித்துக் கனமழை. தொட்டி சேறானது. விரால்கள் சாவகாசமாக மேலே வந்தன, காற்றை விழுங்கின, இறங்கின. எதுவும் வாயைப் பிளந்து திணறவில்லை; விதிப்படி மூட வேண்டியதில்லை. தொட்டிக்குப் பின்னால் மாட்டியிருந்த காலண்டரில் அன்றைய தேதியைத் தண்ணீர் வழியாகப் படிக்கப் பார்த்தார் மாமா. காலண்டரே தெரியவில்லை. எழுந்து போய் வால்வை மூடினார்.

பதிவேட்டில், மீன்கள் நலம், தண்ணீர் சரியில்லை என்று எழுதினார். காரணம் என்ற கட்டத்தில் எப்போதும் 'மழை' என்று போடுகிறவர், அன்று 'மேல் வளைவில் கரை வரை உழுத சோளக்காடு, என் அக்கா வீட்டு நிலம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அதன்பேரில் நிலத்தை அளக்க அரசாங்க ஆட்கள் வந்து போனார்கள். பத்து வரிசை இன்னும் அப்படியே நிற்கிறது. அப்பாவுக்கு மாமா இப்போது 'அந்த ஆள்'.

விரால்களை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு, மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் வலையோடு ஆற்றுக்குப் போகிறார். போன வாரம் பாலத்தில் பார்த்தேன். நாலு ஞாயிறு போயும் மூன்று கெண்டைதான் சிக்கியது என்றார். பிறகு வலையை உதறி மடித்தபடி கேட்டார்:

"அக்கா எப்படிம்மா இருக்கா?"