மூன்றாவது முறை லினக்ஸ் தேர்ந்தெடுத்தவள்

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் 'பத்து வருஷம்'. முதுகுக்குப் பின்னால் அல்ல, முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

ஐந்து வருடங்களுக்கு முன்பு, ஊரார் வலைத்தளங்களை வாடகைக்கு வைத்து ஓட்டும் அண்ணனின் வெப் ஹோஸ்டிங் கம்பெனிக்குப் புது சர்வர் எடுத்தார்கள். அதில் எந்த லினக்ஸைப் போடுவது என்று முடிவு செய்யும் வேலை அவளிடம் வந்தது. லினக்ஸ் என்ற இயங்குதளம் ஒரே சரக்கு அல்ல, ஆளாளுக்கு ஒரு விதமாகக் கட்டித் தருகிறார்கள். அந்தக் கட்டுக்கு டிஸ்ட்ரோ என்று பெயர். ஒரு டிஸ்ட்ரோவுக்கு எத்தனை வருடம் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும் என்பதுதான் இந்தத் தொழிலில் முதல் கேள்வி. அவள் சென்ட்ஓஎஸ் எட்டாம் பதிப்பைத் தேர்ந்தெடுத்தாள். 2029 வரை ஆதரவு என்று போட்டிருந்தது. "பத்து வருஷத்துக்குக் கவலையே இல்ல" என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னாள். மறுவருடம் டிசம்பரில் அறிவிப்பு வந்தது, 2021 முடிவோடு ஆதரவும் முடிகிறது என்று.

அரக்கப்பரக்க, இன்னும் கொஞ்ச காலம் ஆயுள் இருந்த பழைய ஏழாம் பதிப்பிலேயே எல்லாத் தளங்களையும் கொண்டுபோய் இறக்கினாள். இப்போது அதற்கும் நாள் குறித்தாகிவிட்டது. ஜூன் மாதக் கடைசி.

"இந்தத் தடவையும் நீயே சொல்லு" என்றான் அண்ணன். "ஆனா இதுவும் சொதப்புச்சுன்னா சர்வர் பொறுப்பு மச்சானுக்கு. நீ போனை எடுத்துப் பேசு. அப்புறம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

அவளுக்குச் சுருக்கென்றது. பன்னிரண்டு வருடமாக அவள் கையில் இருந்த வேலை அது. மகள் பிறந்த மறுநாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு கையில் குழந்தையும் மறு கையில் போனுமாகத் தேங்கிக் கிடந்த மெயில்களை நகர்த்தி விட்டவள். சர்வரை அவள் கண்ணால் பார்த்ததில்லை. அது வேறெங்கோ ஒரு டேட்டா சென்டரில் குளிரில் உட்கார்ந்திருக்கிறது. இருந்தாலும் அது எப்போது மூச்சு வாங்கும், எப்போது சும்மா இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

மச்சான் என்பவன் அண்ணியின் தம்பி. வாடிக்கையாளர் புகார் ஒவ்வொன்றுக்கும் டிக்கெட் என்று ஒரு எண் போட்டு மூடுவது அவன் வேலை என்பதால் அவனுக்கு 'டிக்கெட்' என்றே பெயர். மோட்டார் பம்பு கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறையில் மூன்று மேசைகள். அவன் மேசை ஜன்னலோரம், அவள் மேசை பிரிண்டருக்கும் சுவருக்கும் நடுவே.

"என்ன பத்து வருஷம், இன்னும் யோசனையா? டெபியன் போடு, நிம்மதியா இரு" என்பான்.

தலைவலி தாங்காமல் டெபியனையே போட்டுப் பார்த்தாள். பிடித்திருந்தது. இரண்டு வாரம் அதில் உழைத்து, ஒவ்வொரு அமைப்பையும் பார்த்துப் பார்த்துச் சரிசெய்த பிறகுதான், வாடிக்கையாளர்கள் தங்கள் தளத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ளப் பயன்படுத்தும் கன்ட்ரோல் பேனல் டெபியனில் ஏறாது என்பது தெரிந்தது. ஏறும் டிஸ்ட்ரோக்களின் பட்டியல் பேனல் கம்பெனியின் தளத்தில் முதல் பக்கத்திலேயே இருந்தது. அதை முதலில் பார்க்கவேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, டிக்கெட்டுக்கும் தோன்றவில்லை.

"எனக்கென்ன தெரியும், நல்ல டிஸ்ட்ரோன்னுதான சொன்னேன்" என்று கையை விரித்தான் டிக்கெட்.

வீட்டில் கணவனிடம் புலம்பினாள். அவன் லிப்ட் மெக்கானிக். "என் வேலையும் அதான். லிப்ட் ஓடுற வரைக்கும் அதுக்குள்ள என்ன கயிறு இருக்குன்னு ஒருத்தனும் கேக்க மாட்டான். நின்னாத்தான் என் பேரே ஞாபகம் வரும்" என்றான். ஆறுதலுக்குத்தான் சொன்னான். அவளுக்கு எரிச்சல் கூடியதுதான் மிச்சம்.

கடைசியில் ஆல்மாலினக்ஸ் ஒன்பது என்று முடிவு செய்தாள். பேனல் ஏறும், 2032 வரை திருத்தங்கள் வரும். இந்த முறை வருடக் கணக்கை வாய்விட்டுச் சொல்லவில்லை. சோதனைக்கு மிகப் பழைய முப்பத்தொரு தளங்களை எடுத்துக்கொண்டாள். பழசு ஓடினால் புதுசு தானாக ஓடும் என்பது அவள் கணக்கு. எல்லாத் தளங்களையும் புது சர்வருக்கு நகலெடுத்து, அந்த முப்பத்தொன்றையும் தன் கணினியில் ஒவ்வொன்றாகத் திறந்தாள். பக்கம் பக்கமாக ஓடியது. படிவங்கள் போயின, படங்கள் வந்தன. மூன்று நாள் பார்த்தாள். குறையே இல்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு முகவரிகளை மாற்றி, உலகத்தைப் புது சர்வர் பக்கம் திருப்பினாள். பதினொன்றுக்கு முதல் போன் வந்தது.

"மேடம், சைட்டு வெள்ளையா வருது."

அவள் திறந்து பார்த்தாள். நன்றாகத் தெரிந்தது. "எனக்கு வருதே சார். உங்க பிரௌசர் பழசைச் சேத்து வச்சிருக்கும், அந்தக் கேஷை க்ளியர் பண்ணிப் பாருங்க."

பன்னிரண்டு மணிக்குள் ஒன்பது போன்கள். ஒன்பது பேருக்கும் அதே பதில். பத்தாவதாக டிரைவிங் ஸ்கூல்காரர் போன் செய்யவில்லை, படியேறி நேரிலேயே வந்துவிட்டார்.

"கேஷைக் கழுவிட்டேன், போனையும் கழுவாத குறைதான். இந்தா நீயே பாரும்மா."

"உங்க போன்ல ஏதோ பிரச்சினை சார். இங்க பாருங்க, என் ஸ்கிரீன்ல எவ்வளவு அழகா வருது."

"அப்ப என்கிட்ட வண்டி ஓட்டக் கத்துக்கணும்னா எல்லாரும் உன் மேசைக்கு வரணுமா?"

டிக்கெட் சிரித்தான். அவள் கோபத்தில் தன் போனை எடுத்துத் திறந்தாள். வெள்ளை. டிக்கெட்டின் கணினியில் திறக்கச் சொன்னாள். அங்கேயும் வெள்ளை.

நாற்காலியில் உட்கார்ந்து, தன் கணினியில் ஹோஸ்ட்ஸ் என்ற சின்னக் கோப்பைத் திறந்தாள். எந்தத் தளம் எந்த சர்வரில் இருக்கிறது என்று அந்த ஒரு கணினிக்கு மட்டும் காதில் ஓதும் குறிப்பு அது. புது சர்வரைச் சோதிக்க முப்பத்தொரு வரிகளை அவள்தான் அதில் எழுதியிருந்தாள், கோப்பின் அடியில். அதே கோப்பின் மேலே, 2021 அவசரத்தில் அவளே எழுதி அழிக்க மறந்த அதே முப்பத்தொரு தளங்கள், பழைய சர்வரின் முகவரி எண்ணோடு இருந்தன. கணினி மேலிருந்து கீழே படிக்கும். முதலில் கண்டதை எடுத்துக்கொள்ளும். மூன்று நாளும் அவள் சோதித்தது பழைய சர்வரை.

அந்தத் தளங்கள் பிஎச்பி என்ற நிரல்மொழியின் 5.6 என்ற ஆதிகாலப் பதிப்பில் எழுதப்பட்டவை. புது சர்வரில் அந்தப் பதிப்பே இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

அண்ணன் கீழே பார்க்கிங்கிலிருந்தே கத்திக்கொண்டு வந்தான். "அந்த ஆல்மாவைத் தூக்கிப் போட்டுட்டுப் பழசுக்கே திரும்பு! டிஸ்ட்ரோ சரியில்லைன்னு எல்லாருக்கும் சொல்லிடலாம்."

அவளுக்கு அது கதவைத் திறந்து வைத்த மாதிரி இருந்தது. ஆமாம் என்று தலையாட்டினால் போதும், பழி டிஸ்ட்ரோ மேல் போய்விடும். ஆனால் அடுத்த வாரத்திலிருந்து கம்பெனியின் இருநூற்றுப் பன்னிரண்டு தளங்களும் திருத்தமே வராத சர்வரில் கிடக்கும்.

"டிஸ்ட்ரோ மேல ஒரு தப்பும் இல்லண்ணா. நான்தான் தப்பா டெஸ்ட் பண்ணிட்டேன். திரும்பக் கூடாது. ரெண்டு மணி நேரம் குடு."

"யோசிச்சுத்தான் சொல்றியா? நான் சொன்ன வார்த்தை ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு."

பழைய பிஎச்பியைப் பக்கத்தில் தனியாக வைத்துக்கொள்ளும் தொகுப்பு ஒன்று இருந்தது. அதை ஏற்றி, முப்பத்தொரு தளங்களையும் ஒவ்வொன்றாக அதன் பக்கம் திருப்பினாள். ஒவ்வொன்றையும் இந்த முறை டிரைவிங் ஸ்கூல்காரரின் போனில் திறந்து பார்த்தாள். இரண்டே முக்காலுக்குக் கடைசித் தளமும் வந்தது. அவர் போனைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு, "சார்ஜ் மொத்தமும் காலிம்மா" என்று இறங்கிப் போனார்.

அண்ணன் திட்டவில்லை. "மச்சான், திங்கட்கிழமையிலேருந்து நீ பாரு" என்றான். "ஆல்மா இருக்கட்டும்." அவள் பக்கம் பார்க்காமலே சொன்னான்.

திங்கட்கிழமை டிக்கெட் அவள் நாற்காலியில் உட்கார்ந்து, உயரத்தை ஏற்றி இறக்கிச் சரிசெய்துகொண்டான். சர்வரின் மொத்தச் சாவியான ரூட் பாஸ்வேர்டை அவளே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். பிறகு ஜன்னலோர மேசைக்குப் போய், போனைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, அவன் கணினியைத் திறந்தாள். முதல் காரியமாக ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்த்தாள். நாற்பத்து நான்கு வரிகள். சில 2018ஆம் வருடத்து எண்கள். இத்தனை வருடம் அவன் பார்த்துப் பார்த்துப் புகார்களை மூடியதில் பாதி பழைய சர்வர்களை.

"டிக்கெட், இங்க கொஞ்சம் வா."

"இப்ப முடியாது" என்றான் அவன், திரையிலிருந்து தலையைத் தூக்காமல். "சர்வர் பாத்துட்டிருக்கேன்."