பெட்டிக்குள் வளைந்த மெழுகுவர்த்திகள்

மெழுகுக்காரம்மாவுக்கு யாரையும் லேசில் நம்பிப் பழக்கமில்லை. பால் வாங்கினால் முகர்ந்து பார்ப்பாள். கேஸ் சிலிண்டர் வந்தால் ஆட்டிப் பார்ப்பாள். தெருவில் யாராவது தேவைக்கு மேல் சிரித்தால், இவனுக்கு என்ன வேண்டுமோ என்று யோசிப்பாள். கணவன் போன பிறகு பின்கட்டு அறையில் தனியாக மெழுகுவர்த்தி வார்த்துப் பிழைத்தவள். ஏமாந்தால் தூக்கிவிட ஆளில்லை என்ற பயம்தான் அவளை அப்படி ஆக்கிவிட்டது.

மெழுகுப் பாளம் வாங்கி வந்து போடுவது கொழுந்தன். அண்ணன் இருந்த காலத்திலிருந்தே அவன் வேலை அது.

அந்தக் கோடையில் மளிகைக்கடைக்காரர் ஒரு பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து வாசலில் வைத்தார். திறந்தால், உள்ளே வர்த்திகள் எல்லாம் கொக்கி மாதிரி வளைந்து கிடந்தன.

"என்னம்மா இது? திரி வெச்ச வாழைப்பழத்த வாங்கிட்டுப் போன மாதிரி இருக்குன்னு கஸ்டமர் சிரிக்கிறாங்க."

"வேற கடைக்கும்தான் போட்டிருக்கேன். அங்கேயிருந்து ஒண்ணும் வரலியே?"

"அது எனக்குத் தெரியாது. என் கடையில வளையுது."

அவர் போனதும் அவள் மனசு நேராகக் கொழுந்தனிடம் போய் நின்றது. ஒரு தடவை வேறொரு வியாபாரி எண்ணெய் கலந்த மெழுகைத் தலையில் கட்டியபோது இப்படித்தான் வர்த்தி துவண்டது. இப்போது கொழுந்தன் புதுச்சட்டை போட்டுத் திரிகிறான். கேட்டால் சிரித்து மழுப்புகிறான். போதாதா?

வாய்விட்டுக் கேட்கவில்லை. சோதித்துப் பார்க்கலாம் என்று முடிவு செய்தாள். நல்ல மெழுகு உருகியபின் ஆறும்போது சூடு மடமடவென்று இறங்கும். ஐம்பத்தெட்டு டிகிரிப் பக்கம் வந்ததும் சண்டி மாடு மாதிரி நின்றுவிடும். வெளியே சூடு போய்க்கொண்டேதான் இருக்கும். ஆனால் உறைகிற மெழுகு தன்னுள் இருந்த சூட்டை விட்டுக்கொண்டே இருப்பதால் தெர்மாமீட்டர் அசையாது. முழுக்க உறைந்த பிறகுதான் மறுபடி இறங்கும். எண்ணெய் கலந்த மெழுகோ எங்கேயும் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போகும். அன்று ஏமாந்தபோது கற்ற பாடம் அது.

அவன் புதிதாகப் போட்ட பாளத்தில் ஒரு துண்டை வெட்டினாள். கொதிக்கும் தண்ணீரில் கிண்ணத்தை வைத்து உருக்கி, இறக்கி, தெர்மாமீட்டரை நட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். சூடு இறங்கியது. ஐம்பத்தெட்டில் நின்றது. கிண்ணத்தின் ஓரம் வெளுத்து, வெண்மை நடுவுக்கு நகர்ந்தது. அப்போதும் அசையவில்லை.

நியாயமாக அவளுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது வேறொரு நினைப்பு. இந்தத் தெர்மாமீட்டரை வாங்கிக் கொடுத்ததும் அவன்தானே?

ஐஸை நொறுக்கித் தண்ணீரில் போட்டு அதற்குள் தெர்மாமீட்டரைச் செருகினாள். ஐஸும் தண்ணீரும் சேர்ந்திருக்கும்வரை பூஜ்யத்தில்தான் நிற்க வேண்டும். நின்றது. அதைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது கொழுந்தன் உள்ளே வந்தான்.

"என்ன அண்ணி, தெர்மாமீட்டருக்கே காய்ச்சலா?"

"சும்மா... கழுவினேன்."

அவன் பார்வை ஐஸ் கிண்ணத்துக்குப் போனது. அங்கிருந்து வெட்டுப்பட்ட பாளத்துக்கு. பிறகு வாசலில் கிடந்த வளைந்த வர்த்திகளுக்கு. கொண்டுவந்த பையை இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டான்.

மெழுகும் சரி, கருவியும் சரி. அப்படியானால் கடைதான். மறுநாள் வெயில் ஏறும் முன்பே மளிகைக்கடைக்குப் போய், கேட்காமல் கொள்ளாமல் உள்ளே நுழைந்தாள்.

"எங்க வெச்சீங்க என் பெட்டிய?"

"அதோ, அந்த மூலையில. நிழல்தான், வெயிலே படாது. பக்கத்துல ஃப்ரிட்ஜ் வேற, ஜில்லுனு இருக்கும்."

குளிர்பானம் வைக்கப் புதிதாக வாங்கிய பெரிய ஃப்ரிட்ஜ் அது. அதன் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே பெட்டிகளை நெருக்கி அடுக்கியிருந்தார். அவள் கையை உள்ளே விட்டாள். அனல் அடித்தது.

"உள்ள இருக்கிற சூட்டையெல்லாம் அது பின்னாலதானே தள்ளும்? எங்க போகும் பின்ன? உருகுற அளவுக்குச் சூடு வேணாங்க, அதுக்கு முன்னாடியே மெழுகு துவண்டுரும்."

கடைக்காரர் கையை விட்டுப் பார்த்துவிட்டு வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பிறகு பெட்டிகளை அவரே வேறு அலமாரிக்கு மாற்றினார்.

ஜெயித்த களையே இல்லாமல் அவள் வீடு திரும்பினாள். சாயங்காலம் கொழுந்தன் வீட்டுக்கே போனாள். அவன் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான்.

"கடையில ஃப்ரிட்ஜுக்குப் பின்னால வெச்சிருக்காரு. அதான் வளைஞ்சிருக்கு."

"சரி."

"உன்னைச் சந்தேகப்பட்டுட்டேன்."

"தெரியும் அண்ணி." பம்பை நிறுத்தவில்லை. "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மெழுகையும் தெர்மாமீட்டரையும் கேட்டீங்க. என்னைக் கேக்கல."

அவள் சைக்கிள் சாயாமல் பிடித்துக்கொண்டு, "அடுத்த தடவை மெழுகு வாங்க நானும் வரேன்" என்றாள்.

"இன்னும் நம்பிக்கை வரலையா?"

"அதுக்கில்ல. தனியா சுமக்கிறியேன்னுதான்."

அதை அவன் நம்பினானா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள், ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் அடுத்த முறை மெழுகு வாங்கப் போகையில் அவன் அவள் வீட்டு வாசலுக்கு வந்து பெல் அடித்தான். பஸ்ஸில் ஏறியதும் போய் முன் சீட்டில் தனியாக உட்கார்ந்துகொண்டான். அவள் பின் சீட்டில் உட்கார்ந்து, அன்று அவள் சந்தேகப்பட்ட அந்த மலிவுப் புதுச்சட்டையின் காலர் ஏற்கெனவே நைந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே போனாள்.