கிரேஸின் உபவாசத்தை நான் வாங்கிக்கொண்டேன்

போன ஆகஸ்ட் மாதம் ஒரு மத்தியானம். மரவள்ளிக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. என் மகள் கிரேஸ் கபடிப் பயிற்சியில் மயங்கி விழுந்துவிட்டாள் என்றார்கள். களைக்கொத்தை எங்கே போட்டேன், யாருடைய வண்டியில் ஏறினேன், ஒன்றும் நினைவில்லை. "ஏசப்பா, ஏசப்பா" என்பது மட்டும்தான் வாயில் வந்தது.

பாப்பிரெட்டிப்பட்டி ஆஸ்பத்திரியில் அவளுக்கு குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. உடம்பில் நோய் ஒன்றும் இல்லை, பிள்ளை சாப்பிடுவதில்லை, அவ்வளவுதான் என்று டாக்டரம்மா சொன்னார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒன்பதாவது படிக்கிற பிள்ளைக்குக் களியும் கொள்ளுக் குழம்பும் வைத்துக் கொடுத்துவிட்டுத்தானே வேலைக்குப் போகிறேன்!

அப்புறம்தான் உண்மை வெளியே வந்தது. கிரேஸின் அணியில் எதிர்ப்பக்கம் கபடி பாடிப் போகிறவள் செல்வி. புள்ளிகள் பாதிக்கு மேல் அவள் கொண்டுவருவதுதான். அவளுக்கு முழங்கால் பிசகிவிட்டது. போட்டி நெருங்கிவிட்டது. என் மகள் யாரிடமும் சொல்லாமல் கர்த்தரிடம் ஒரு பொருத்தனை பண்ணியிருக்கிறாள். செல்வி மறுபடி களத்தில் இறங்கி ஆடும் வரைக்கும் பொழுது சாயும் முன் சாப்பிடுவதில்லை என்று. காலைக் களி எதிர்வீட்டு நாய்க்கு, பள்ளிக்கூடச் சத்துணவு பக்கத்துப் பிள்ளைக்கு.

உபவாசம் இருந்தால் முகத்தில் காட்டக்கூடாது என்று சபையில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் அல்லவா? அதை அப்படியே செய்திருக்கிறாள். முகம் கழுவி, எண்ணெய் வைத்து, படிய வாரி, சிரித்துக்கொண்டே கிளம்புவாள். பொறுப்பு வந்துவிட்டது பார் என்று நானும் அந்த நாட்களில் பெருமைப்பட்டேன். பசியில் விடியற்காலை ஓட்டமும் ஓடி, சாயங்காலம் மண்ணிலும் புரண்டிருக்கிறாள் என் பிள்ளை.

சாப்பிடாவிட்டால் களத்தில் இறக்க மாட்டேன் என்று பி.டி. டீச்சர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். செல்வி ஏற்கெனவே இல்லை. பிடிக்கிறவர்களில் கிரேஸ்தான் கெட்டி. அவளும் இல்லையென்றால் அணி வட்டாரப் போட்டியைத் தாண்டாது. வீட்டுக்கு வந்து கெஞ்சினேன், திட்டினேன், தட்டை முன்னால் வைத்து அழுதேன். அவள் தட்டைத் தள்ளவும் இல்லை, தொடவும் இல்லை.

"ஏசப்பாகிட்ட சொல்லிட்டேன்மா. நான் சாப்பிட்டா செல்வி காலு எப்படி சரியாவும்?"

அவளுடைய அப்பா ஓசூரில் கட்டட வேலை. வாரம் ஒரு முறைதான் வருவார். தனியாக முழங்கால் போட்டேன். ஆண்டவரோடு சண்டையே போட்டேன். ஒரு குழந்தை அறியாமல் சொன்னதைப் பிடித்துக்கொள்வீரா, வழி காட்டும், இல்லாவிட்டால் நான் எழுந்திருக்க மாட்டேன் என்று சொல்லி அழுதேன்.

விடிந்ததும் வாசலில் செல்வியின் அம்மா காவேரி நின்றாள். கையில் தூக்குப்போசி நிறைய கேழ்வரகுக் கூழ். ஆடி மாதம், அவர்கள் மாரியம்மனுக்கு ஊற்றுகிற காலம். கோவிலுக்குப் படைத்தது இல்லை, இவளுக்கென்றே தனியாகக் காய்ச்சியது என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். எங்கள் வழக்கம் அவளுக்குத் தெரியும். தன் மகளுக்காக இன்னொரு வீட்டுப் பிள்ளை பட்டினி கிடந்ததைக் கேட்டு அவளும் தூங்கவில்லை போலிருக்கிறது, கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. நான் நடந்ததைச் சொன்னேன்.

"ஏங்க்கா, புள்ள வேண்டிக்கிட்டத பெத்தவ ஏத்துக்கறது எங்க வூட்ல உண்டுங்க. உங்க சாமி மட்டும் ஒத்துக்காதுங்களா?"

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஒருவருக்குப் பதிலாக இன்னொருவர் சுமப்பதைத்தானே பிறந்ததிலிருந்து ஆராதனையில் பாடிக்கொண்டிருக்கிறேன்! அது என் வீட்டுக்குள் வர காவேரியின் வாய் தேவைப்பட்டது. கிரேஸின் தலையில் கை வைத்து, இவள் உபவாசத்தை இன்றுமுதல் நான் எடுத்துக்கொள்கிறேன் ஆண்டவரே என்று சத்தமாக ஜெபித்தேன். கிரேஸ் என் முகத்தையே பார்த்தாள். அப்புறம் தூக்குப்போசியை இழுத்து வைத்துக்கொண்டு, அடி தெரியும் வரை குடித்தாள்.

அன்றிலிருந்து பகலில் எனக்குத் தண்ணீர்தான். எப்படியும் வெள்ளிக்கிழமை விரதம் இருப்பேன், அந்த ஒரு நாளை எனக்கு விடுங்கள் என்று காவேரி கேட்டு வாங்கிக்கொண்டாள். கபடி ஆடுவது அவளா நீயா என்று என் வீட்டுக்காரர் கிண்டல் பண்ணினார். காட்டில் சில நாள் கண் இருட்டியது. ஆனால் கிரேஸ் சாப்பிட்டாள். முட்டை, கடலை, களி, எது வைத்தாலும் சாப்பிட்டாள். சாப்பிட்டதையெல்லாம் களத்தில் காட்டினாள்.

செல்வியின் கால் வட்டாரப் போட்டிக்குள் சரியாகவில்லை. அதை மறைக்க மாட்டேன். கைத்தாங்கலாக வந்து கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தாள். கடைசிப் பாட்டம் வரை இரண்டு அணியும் சமம். எதிரணியின் உயரமான பெண் பாடி வந்தாள். கிரேஸ் ஓரத்தில் குனிந்தே இருந்தாள். அந்தப் பெண் திரும்பிய நொடியில் கணுக்காலைப் பிடித்தாள். இழுபட்டாள், முழங்கை தோல் உரிந்தது, விடவில்லை. மற்றப் பிள்ளைகள் வந்து விழுந்து அமுக்கும் வரை விடவே இல்லை. விசில் ஊதினார்கள். கூட்டத்தில் நான் "அது என் புள்ள, அது என் புள்ள" என்று தெரியாதவர்களை எல்லாம் உலுக்கிக்கொண்டிருந்தேன்.

அன்று தோற்றிருந்தால் அந்த வருஷம் அணிக்கு ஆட்டமே இல்லை. ஜெயித்ததால் தர்மபுரியில் மாவட்டப் போட்டி இருந்தது. அதற்குள் செல்வியின் கால் தேறியது, டாக்டரும் ஆடலாம் என்றார். செல்வி களத்தில் இறங்க வேண்டும் என்றுதானே என் மகள் கேட்டாள்? அவள் இறங்குவதற்கு ஒரு களத்தை இவள் கையாலேயே பிடித்துக் கொடுக்க வைத்தார் கர்த்தர்.

மாவட்டத்தில் இரண்டாம் இடம்தான். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. செல்வி முதல் புள்ளியோடு திரும்பி வந்து கோட்டைத் தொட்டதும், கிரேஸ் கூட்டத்தில் என்னைத் தேடிக் கையைக் காட்டினாள். ஆட்டம் முடிந்ததும் தனக்குக் கொடுத்த சாப்பாட்டுப் பொட்டலத்தோடு ஓடி வந்தாள். உச்சி வெயில். உரிந்து ஆறின முழங்கை. தயிர்சாதத்தைப் பிசைந்து முதல் வாயை எனக்கு நீட்டினாள்.

"முடிஞ்சிதும்மா. இப்ப நீ சாப்பிடு."

இப்போது எங்கள் வீட்டில் பொருத்தனை எதுவானாலும் எல்லோரும் உட்கார்ந்து சொல்லிவிட்டுத்தான் செய்கிறோம். இதைக் கேட்கிற தாய்மார்களே, உங்கள் பிள்ளையின் முகம் பளிச்சென்று இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். அதன் தட்டையும் பாருங்கள். அது தனியாகத் தூக்குவதை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு ஆண்டவரிடம் போங்கள். எனக்கு வழி காட்டினவர் உங்களுக்கும் காட்டுவார். யார் கையில் தூக்குப்போசி கொடுத்து அனுப்புவார் என்பதை மட்டும் நீங்கள் முடிவு பண்ணாதீர்கள்.