தேரடியில் ஒரு ஜோடி பூட்ஸ்

பி.ஏ. தேறிய கையோடு நான் முதலில் தேடியது வேலையை அல்ல, பூட்ஸை. மதுரைக்குப் போய், காலுக்குப் பொருந்துகிற ஜோடியை விட்டுவிட்டுப் பளபளக்கிற ஜோடியாகப் பார்த்து வாங்கி வந்தேன். இதை எழுதும்போதே காது சுடுகிறது.

போன வாரம் அடுத்த வீட்டுப் பையன் வந்தான், புதிதாகப் பட்டம் வாங்கியவன். "அடுத்து என்ன செய்யலாம்னு நீங்கதான் சார் வழி சொல்லணும்" என்றான். வாசலில் அவன் கழற்றிவிட்டதிலிருந்து புதுத் தோல் வாசனை கூடம்வரை வந்தது. காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

நான் பூட்ஸ் வாங்கியது உலகச் சண்டைக்கு முந்திய காலம். ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு. அப்பா பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். அக்காவுக்கு வன்னியம்பட்டியில் ஓர் இடம் பேசி வைத்திருந்தது. "ஒங்க பையன் உத்தியோகத்துல உக்காரட்டும், பொறவு நாள் பாப்போம்" என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். ஆக, அக்காவின் கல்யாணம் என் பி.ஏ.யில் தொங்கிக்கொண்டிருந்தது. நானோ சர்க்கார் ஆள் அனுப்பும் என்ற நம்பிக்கையில் கோட்டு ஒன்றை வெயிலில் உலர்த்துவதும் மடிப்பதுமாக இருந்தேன். அதிலிருந்த அந்துருண்டை நெடிக்கு எங்கள் வீட்டுக் கரப்பான்கள் ஊரைவிட்டே போயின.

ராஜபாளையத்தில் பஞ்சாலை வைத்திருந்த ஒரு முதலாளி ஆண்டுதோறும் ஆடிப்பூரத் தேர் இழுக்க வருவார். குடை பிடித்து நின்று வேடிக்கை பார்க்கிற முதலாளி இல்லை. வேட்டியை வரிந்துகட்டி, வெற்றுடம்போடு, ஊரோடு ஊராக வடம் பிடிப்பார். பக்கத்தில் இழுக்கிறவனிடம் பேச்சுக் கொடுப்பார். அவன் கையின் காய்ப்பு பிடித்துப்போனால் மறுநாள் ஆலைக்கு வரச் சொல்வார். அவருடைய குமாஸ்தாக்களில் பாதிப் பேர் வடத்தில் கிடைத்தவர்கள்.

"அவரு பக்கத்துல நின்னு இழு. நீயா ஒண்ணும் பேசாத. அவிய கேப்பாக" என்றார் அப்பா.

இங்கிலீஷில் தேறியவனைக் கைக் காய்ப்பைப் பார்த்து வேலைக்கு எடுப்பதா? கோட், டை, பூட்ஸ், நாலு பக்க ஆங்கில மனு. இத்தனையோடும் போய் வடத்தருகே நின்று, இழுத்துக்கொண்டிருந்தவர்முன் மனுவை நீட்டினேன்.

"வடத்தப் பிடி பாபு, பொறவு பேசலாம்" என்றார். நான் நீட்டிய கையை மடக்கவில்லை. பாவம், மரியாதைக்காக வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துத் தேர் நின்றது. அத்தனை பெரிய தேர் பத்தடிக்கு ஒருதரம் நிற்கத்தான் செய்யும். ஆனால் கூட்டத்துக்கு அன்று காரணம் கையோடு கிடைத்துவிட்டது.

"ஏலே, பூட்சுக் காலோட வடத்துக்கிட்ட நிக்கான் பாரு. தேரு எப்படிலே நகரும்?"

"தொரை லண்டன்ல எறங்க வேண்டியவுக. தூங்கிட்டாக போல."

குனிந்து கழற்றியிருக்கலாம். நானோ டையைச் சரிசெய்துகொண்டு நின்றேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அப்பா வந்தார். அவரிடம் படித்தவர்கள்தான் சுற்றிலும் பாதிப் பேர். அவர்கள் நடுவே என் முன்னால் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்று முடிச்சை அவிழ்த்தார்.

"காலத் தூக்குய்யா."

தூக்கினேன். ஐயா, தூக்கினேன். எத்தனையோ பேர் முன்னால் எத்தனையோ தடவை அசடு வழிந்திருக்கிறேன். அதெல்லாம் எழுதிப் பிழைக்க உதவிற்று. இது மட்டும் உதவவில்லை.

பூட்ஸைத் துண்டில் சுற்றி இடுப்போடு கட்டிக்கொண்டு, அப்பா முதலாளி பக்கத்தில் வடத்தைப் பிடித்தார். சற்று நேரத்தில் தேர் நகர்ந்தது. அடுத்த நிறுத்தத்தில் முதலாளி சொன்னார்: "வாத்தியாரே, பையன் மனுவுல இங்கிலீசு ஜோரா இருக்கும்போல. நாளைக்கு ஆலைக்கு நீங்க வாங்க."

அப்பா போனார். ஓய்வு பெற்ற மனிதர், விடியற்காலையில் சோற்றுத் தூக்கோடு பஸ் ஏறி, ஆலை வாசலில் ஆள் கணக்குப் பார்த்தார். வன்னியம்பட்டிக்காரர்களும் வீட்டில் யாரோ ஒருவருக்கு உத்தியோகம் இருந்தால் சரி என்று இறங்கிவந்தார்கள்.

இப்போது அப்பா இல்லை. அந்த முதலாளியும் இல்லை. ஆளை வடத்தில் வைத்துப் பார்க்கிற வழக்கமும் போயிற்று. இப்போது எல்லாம் மனுதான். அக்கா மட்டும் வன்னியம்பட்டியில் இருக்கிறாள்.

கல்யாணத்துக்கு மறுநாள் அவள் மாமியார், பந்தியில் மும்முரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த என்னைக் காட்டி, "ஒந் தம்பி பி.ஏ. படிச்சு என்னத்தக் கிழிச்சான்?" என்று கேட்டாளாம்.

அக்கா விட்டுக்கொடுக்கவில்லை. "அப்படிச் சொல்லாதீய அத்தே. எங்கப்பாவுக்கு வேல வாங்கிக் குடுத்ததே அவந்தான்" என்றாளாம்.