ரம்லாவின் இடது கை

அப்துல் நாசருக்குப் பிறவியிலேயே காது கேட்காது. கரும்புக்கடை என்ற பகுதியில் கார் சீட் கவர் தைக்கும் கடையொன்றில் முப்பது வருடமாக வேலை பார்க்கிறார். மனைவி ரம்லாவுக்கும் காது கேட்காதுதான். ஆனால் ஏழு வயதில் வந்த மூளைக்காய்ச்சலில் போனது அது. காது கேளாதோர் பள்ளியில் இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள். வீட்டில் காது கேட்பது மகள் மிஸ்பாவுக்கு மட்டும். நடக்கப் பழகும் முன்பே அவள் சைகையில் பால் கேட்டாள் என்று ரம்லா பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வாள்.

காலையில் டீயைக் குடித்துக்கொண்டே முந்தைய இரவு கண்ட கனவைச் சொல்லிக்கொள்வது அவர்கள் வழக்கம். டம்ளரைக் கீழே வைத்தால்தான் பேச முடியும் என்பதால் டீ எப்போதும் ஆறிப்போகும்.

நாசரின் கனவில் எல்லோரும் கையால் பேசுவார்கள். பஸ் கண்டக்டர், பக்கத்துக் கடை முஸ்தபா, இறந்துபோன அவருடைய அத்தாகூட. அந்த மனிதர் உயிரோடு இருந்தவரை மகனுக்காக ஒரு சைகையும் கற்றுக்கொள்ளவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்க வாயருகே விரலைக் குவிப்பார், அவ்வளவுதான். கனவிலோ வெயிலைப் பற்றி, வியாபாரத்தைப் பற்றி, சொந்தக்காரர்களின் சண்டையைப் பற்றி மணிக்கணக்கில் கையால் பேசுவார். நாசர் இதைச் சொன்னபோது ரம்லா சிரிக்கவில்லை. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

ரம்லாவின் கனவில் எப்போதாவது ஒரு குரல் வரும். அவளுடைய அம்மாவின் குரல். "ரம்லா கண்ணு, ஊட்டுக்கு வா." ஏழு வயதுக்குள் கேட்டது, நாற்பது வருடமாக மாறாமல் இருந்தது. "குரல் என்றால் எப்படி இருக்கும்?" என்று நாசர் பலமுறை கேட்டிருக்கிறார். ஒருநாள் அவள் அவருக்குப் பின்னால் போய் நின்று முதுகில் கை வைத்தாள். பிறகு முன்னால் வந்து சொன்னாள்: "இந்த மாதிரி. திரும்பிப் பார்க்காமலே யாரென்று தெரியும்."

போன வருடம் ஜனவரியில், துணி காயப்போட மாடிக்குப் போன ரம்லா அங்கேயே விழுந்தாள். ஸ்ட்ரோக். உயிர் பிழைத்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. ஆறாம் நாள் நாசர், "என்னைத் தெரிகிறதா?" என்று கேட்டார். அவள் இடது கையைத் தூக்கினாள். தண்ணீர் என்றாள். அவர் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். தலையை ஆட்டி மறுத்தாள். மறுபடியும் தண்ணீர் என்றாள். வேறெதையோ சொல்ல வருகிறாள், கைக்கு அந்த ஒரு வார்த்தைதான் வருகிறது. தன் கையையே பார்த்து அழுதாள்.

டாக்டரிடம் மிஸ்பாதான் பேசினாள்.

"சார், கை வராததுனால இல்லீங்க. அம்மாவுக்குப் பேச்சே போயிருச்சுன்னு அத்தா சொல்றாருங்க."

டாக்டர் ஃபைலைப் புரட்டினார். "அவங்க பொறவியிலிருந்தே பேச மாட்டாங்கன்னுதானேம்மா எழுதியிருக்குது? அப்புறம் எங்க போகும்? கைக்கு பிசியோ குடுக்கலாம், சரியாயிரும்."

அதை அத்தாவுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியாமல் மிஸ்பா நின்றாள். நாசர் ஏற்கெனவே டாக்டரின் உதட்டைப் படித்துவிட்டிருந்தார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் லாஸ்யா என்ற பெண்தான் இரண்டு வாரம் கழித்து உட்கார்ந்து பார்த்தாள். சீப்பைக் கொடுத்தால் ரம்லா இடது கையால் ஒழுங்காகத் தலை வாரினாள். அதைச் சைகையில் சொல்லச் சொன்னால் தண்ணீர் என்றாள். பூட்டைக் காட்டினால் அர்த்தமே இல்லாமல் விரல்கள் குழம்பின.

"உங்கப்பா சொல்றது சரிதானுங்க," என்றாள் லாஸ்யா. "கையில பேசுனாலும் அதும் பாசைதானே? மூளையில பாசை இருக்கற எடத்துலதான் அடி பட்டிருக்குது."

நாசர் வேகமாகக் கையசைத்தார். மிஸ்பா அதை லாஸ்யாவிடம் சொன்னாள். "மனசுக்குள்ளயாச்சும் அவ பேசிக்குவாளான்னு கேக்கறாருங்க."

லாஸ்யா சீப்பையும் பூட்டையும் எடுத்து வைத்தாள். "அது எனக்குத் தெரியலீங்க."

அதற்குப் பிறகு நாசர் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தால், தூங்கும் மனைவியின் இடது கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முன்பெல்லாம் தூக்கத்தில் அவள் விரல்கள் லேசாக அசையும். கனவில் யாரோடு சண்டை போடுகிறாள் என்றுகூட அவருக்குப் பிடிபடும். இப்போதும் அசைந்தன. படிக்க முடியவில்லை. விழித்திருக்கும்போது சிதறியது தூக்கத்திலும் சிதறியே கிடந்தது.

ஒருநாள் மட்டும் கை அசையவில்லை. தூக்கத்திலேயே ரம்லா யாரோ கூப்பிட்டதுபோல முகத்தை வாசல் பக்கம் திருப்பினாள். நாசர் மிஸ்பாவை ஓடிப்போய்க் கூட்டிவந்து காட்டினார். "அவளுடைய அம்மா வந்திருக்கிறார்," என்றார். அப்படித்தானா என்று யாருக்குத் தெரியும்? மிஸ்பா ஆமாம் என்று தலையாட்டினாள்.

டிசம்பரில் இரண்டாவது ஸ்ட்ரோக் வந்து ரம்லா இறந்துபோனாள்.

கனவில் வருவாள் என்று நாசர் காத்திருந்தார். செத்தவர்கள் அங்கே நன்றாகப் பேசுவார்கள் என்பது அவருக்குத் தெரிந்த விஷயம். நான்கு மாதம் கழித்து வந்தாள். கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் மடியில் அப்படியே கிடந்தன. என்ன சொல்ல வந்தாய், என்னிடம் சொல், மெதுவாகச் சொல் என்று இவர் கெஞ்சியும் அசையவே இல்லை. காலையில் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நாசர் இதை மிஸ்பாவிடம் சொன்னார்.

அன்றைக்கு மிஸ்பா போனில் அம்மா பேசும் வீடியோ ஒன்றாவது இருக்கிறதா என்று தேடினாள். எல்லாம் போட்டோக்கள்தான். போட்டோவில் எல்லாருடைய கையும் நின்றுதான் இருக்கும். அம்மாவோடு எத்தனையோ வீடியோ கால் பேசியிருக்கிறாள், எதையும் பதிவு செய்யத் தோன்றியதில்லை. கடைசியில் பெரியம்மா மகன் சுஃப்யானின் கல்யாண வீடியோவை வாங்கிவந்து இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தாள். பந்தியைக் காட்டும் இடத்தில், பின்வரிசையில், பச்சைச் சேலையில் ரம்லா. எதிரே யாரிடமோ கையால் பேசுகிறாள். ஒன்பது விநாடி.

நாசர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். முதல் தடவை பிடிபடவில்லை. இரண்டாவது தடவை தோள் குலுங்கச் சிரித்தார்.

"பிரியாணியில் உப்பு கம்மி. வெளியே சொல்லாதே என்கிறாள். என்னிடம்தான் சொல்கிறாள்!"

கேமராவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த அந்த வெள்ளைச் சட்டைக்காரர் அவர்தான். சிரித்துக்கொண்டிருந்தவர் அப்படியே முகத்தை மூடிக்கொண்டு அழுதார். தன் அழுகைக்குச் சத்தம் உண்டென்பது அவருக்குத் தெரியாது. பக்கத்து வீட்டிலிருந்து இல்மா பதறிக்கொண்டு வந்து, "ஏனுங்க, என்னாச்சுங்க?" என்று கேட்டாள். மிஸ்பா ஒன்றுமில்லை என்று சைகை காட்டி அனுப்பினாள்.

நாசர் இப்போது தினமும் அந்த ஒன்பது விநாடியைப் பார்க்கிறார். கனவில் ரம்லா வருகிறாள், மடியில் கையை வைத்து உட்கார்ந்திருக்கிறாள். இன்னும் பேசவில்லை.