பூசை முடிந்தால்தான் நம்பர்

ஆழ்துளைக் கிணறு போடும் எங்கள் போர் வண்டியின் வெப்சைட்டை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. முதலில் அதைச் செய்தவன் நான். மேலே போன் நம்பர், கீழே ரேட், அவ்வளவுதான். ஓமலூர், வாழப்பாடிப் பக்கம் யார் போர் போட ஆள் தேடினாலும் முதல் பக்கத்திலேயே நாங்கள் வருவோம்.

அண்ணனுக்கு அது பொறுக்கவில்லை. "மொட்டையா இருக்குதுடா" என்று சேலத்தில் ஆளைப் பிடித்து மாற்றிவிட்டார். திறந்ததும் வண்டிக்குப் போட்ட முதல் பூசை வீடியோவாக ஓடும். மேளம், கற்பூரம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், அப்புறம் குடும்பப் பெரியவர்கள் படங்கள். நம்பர் எல்லாவற்றுக்கும் கடைசியில். வீடியோவைத் தாண்டிப் போக ஒரு பட்டன் இருந்தது. அதையும் எடுக்கச் சொன்னார்.

"பூசையப் பாதியில தாண்டிப் போறதா? வண்டிக்கு ஆகுமாடா?"

"வெள்ளாமக் காட்டுல வெயில்ல நிக்கறவன் இதையெல்லாம் பாத்துட்டு நிப்பானாங்ணா?" என்று கத்தினேன்.

"பொறுமையில்லாதவன் நம்மகிட்ட வர வேண்டாம்."

வந்தவர்கள் வந்த வேகத்தில் திரும்பினார்கள். பக்கம் திறக்கத் திணறுவதையும் ஆட்கள் நிற்காமல் ஓடுவதையும் தேடுபொறி பார்க்காதா? அதற்குப் பூசையாவது புண்ணியமாவது! மூன்றாம் பக்கத்துக்குத் தள்ளிவிட்டது. நல்ல கோடையில், ஊரில் உள்ள வண்டியெல்லாம் ஓடிக்கொண்டிருக்க, எங்கள் வண்டி தகரச் செட்டில் கிடந்தது. அந்தச் செட்டிலேயே படுத்துக்கொண்டு அத்தனை வருடம் எங்களுக்குத் துளை போட்ட டிரில்லர், "இந்த வாரமும் வேலை இல்லீனா வேற வண்டிக்குப் போயிருவேனுங்க" என்று சொல்லிவிட்டார். அப்போதும் அண்ணன் அசையவில்லை.

அந்த வாரம் மேச்சேரியில் ஒரு காதுகுத்துக்குப் போனோம். திரும்பும் வழியில், நல்ல உச்சி வெயிலில், ஒரு காட்டோரம் காரை நிறுத்தி அண்ணனை இறக்கினேன். என் போனைக் கையில் கொடுத்தேன்.

"உங்க கெணறு வத்திப்போச்சுங்ணா. நம்ம வண்டியக் கூப்பிடுங்க பாக்கலாம்."

முறைத்தார். ஆனாலும் தேடினார். தள்ளித் தள்ளி எங்கள் பெயரைக் கண்டுபிடித்துத் திறந்தார். கற்பூரம் ஏற்றும் இடத்தில் வீடியோ நின்று சுற்ற ஆரம்பித்தது. நெற்றியைத் துடைத்தார். திரையைத் தட்டினார். "என்ன கருமம்டா இது" என்று முணுமுணுத்துக்கொண்டே தேடல் பட்டியலுக்குத் திரும்பிப் போய், அடுத்த வண்டிக்காரனின் பக்கத்தைத் திறந்துவிட்டார். மேலேயே நம்பர் இருந்தது.

"பூசை முடியறதுக்குள்ள எந்திரிச்சுட்டீங்களேங்ணா!" என்றேன்.

போனை என் கையில் வைத்துவிட்டுக் காருக்குள் போய் உட்கார்ந்தார்.

நாங்கள் வீடு வந்து சேர்ந்தபோது, செட்டில் டிரில்லரின் பாயும் தலையணையும் இல்லை.