'தா' விழுந்த பாட்டு

போன வாரம் ஒரு கல்லூரி விழாவுக்குப் போயிருந்தேன். பழங்குடி இலக்கியத்தில் ஆய்வு செய்யும் பெண் ஒருத்தி, "அடுத்தது இருளர்களோட பக்திப் பாட்டு" என்று அறிவித்தாள். மாணவிகள் "ஆண்டவா, ஆண்டவா" என்று உருகினார்கள். முன்வரிசை கைகூப்பியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையில் வேறு விளிம்பு உடைந்த பீங்கான் கோப்பையில் டீ.

உடைந்த பீங்கானைப் பார்த்தால் எனக்குப் பல் ஞாபகம் வந்துவிடும். எழுபதுகளின் தொடக்கத்தில் விருத்தாசலத்துப் பீங்கான் ஆலை ஒன்றில் ஊறுகாய் ஜாடிகளைப் பூச்சுக் கரைசலில் முக்கி எடுத்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமையானால் பாட்டுச் சேகரிக்கிறேன் என்று சைக்கிளில் கிளம்பிவிடுவேன். பெரிய ஆராய்ச்சியாளன் என்று நினைப்பு!

அப்படிப் பழக்கமானவர்தான் கன்னியம்மாக்கா, கம்மாபுரம் பக்கத்து இருளர் பெண். நடவுக்குப் போவார். தாண்டவன் என்ற பண்ணையாரின் வயலில் அவர் புருஷன் எலி வளை தோண்டி, எலி சேர்த்த நெல்லை எடுத்தார். திருட்டு என்று மோட்டார் கொட்டகைத் தூணில் கட்டிவைத்து அடித்தே கொன்றார்கள். பாம்பு கடித்ததாகக் கேஸ் முடிந்தது.

அக்கா அதைப் பாட்டாகக் கட்டினார். "தாண்டவா, தாண்டவா, எலி தின்ன நெல்லுக்கு எம்புருசன் உசுரா?" நடவு வயலில் பெண்கள் எல்லோரும் சேர்ந்து பாட, பண்ணையாரின் ஆள் மண்வெட்டிக் காம்பால் அக்காவின் வாயிலேயே அடித்தான். மேல் முன்பற்கள் மொத்தமும் சேற்றில் விழுந்தன. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது அது முகமாகவே இல்லை. அவனைக் கொன்றுவிடலாம் போலிருந்தது எனக்கு. அதுவரை ஒரு கோழியைக்கூட அடித்தவனில்லை நான்.

அடுத்த நடவில் அக்கா மறுபடியும் பாடினார். மேல்பல் இல்லாத வாயில் 'தா' வரவில்லை. "ஆண்டவா, ஆண்டவா" என்றுதான் வந்தது. பல் இருந்த பெண்களும் அப்படியே பாடினார்கள். அதே ஆள் காம்போடு ஓடி வந்தான்.

"எவடி அவ, மொதலாளி பேரச் சொல்லிப் பாடுறது?"

"சாமியக் கூப்புடறோம். அதுக்குமா அடிப்பீங்க?" என்றாள் அக்காவுக்குப் பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்தவள்.

ஓங்கிய கை அப்படியே நின்றது. பெண்கள் நாற்றைப் போட்டுவிட்டுக் கரையேறினார்கள். பிறகு தாண்டவன் வயலுக்கு ஒருத்தியும் போகவில்லை. நாற்று பழுத்து மடிந்தது. அதற்கப்புறம் அந்தத் தூணில் யாரையும் கட்டவில்லை.

விழா முடிந்ததும் ஆய்வுப் பெண்ணிடம் இதையெல்லாம் சொன்னேன். கெட்டிக்காரி, பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"ஆதாரம் ஏதாச்சும் இருக்குதுங்களா சார்?"

இருந்தது. அந்தச் சேற்றில்தான் கிடந்தது. அக்கா போய்ச் சேர்ந்துவிட்டார். வயலை நிலக்கரிச் சுரங்கம் தோண்டி எடுத்துவிட்டது.